எண் பொருந்திய இன்ஜின்: 1970 ஷெவெல் எஸ்எஸ் 454 ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர், 2010 முதல் 2023 வரை 1970ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 454 கார் ஒன்றை வைத்திருந்தனர். அதை வாங்கிய விதம், வைத்திருந்ததற்கான செலவு, எட்டாம் ஆண்டில் தெரியவந்த உண்மை, அதன்பின் அவர்கள் எடுத்த முடிவுகள் ஆகியவற்றை இந்த ஆய்வு கால வரிசையில் பதிவு செய்கிறது. கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில், அதாவது வெட்டுக்கருவிகள் செய்யும் பிரிவில், பணியாற்றியவர். மனைவி வங்கிக் கணக்காளராக இருந்தவர். இங்கே வரும் தொகைகள் எல்லாம் மனைவி தொடர்ந்து எழுதிவந்த கணக்குப் புத்தகத்தைக் கொண்டு, ஆயிரம் டாலருக்கு முழுமையாக்கித் தரப்பட்டவை. ஆட்களையும் ஊரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

இந்த ஒரு ஆண்டு மாடலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

நடுத்தர அளவுள்ள, விலை அதிகமில்லாத ஒரு காரின் உடலுக்குள் பெரிய காருக்கான இன்ஜினைப் பொருத்தி விற்பதுதான் மசில் கார் என்ற வகையின் அடிப்படை. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ இந்த வழக்கத்தைச் சந்தையில் நிலைநிறுத்தியது. பான்டியாக், ஷெவர்லே இரண்டுக்கும் உரிமையான ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நடுத்தரக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜினைப் பொருத்தக் கூடாது என்று தனக்குத்தானே விதித்திருந்த வரம்பை 1970 மாடல்களுக்காகத் தளர்த்தியது. அந்த ஆண்டு ஷெவெலில் 454 கன அங்குல இன்ஜின், அதாவது 7.4 லிட்டர் இன்ஜின், இரண்டு வடிவங்களில் கிடைத்தது. ஒன்று 360 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்5. மற்றொன்று 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6. அடுத்த ஆண்டே, ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக, அந்நிறுவனம் தன் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு சுருக்கப்படுகின்றன என்பதை, குறைத்தது. மாசுக் கட்டுப்பாடும், இளைஞர்களுக்கான காப்பீட்டுக் கட்டண உயர்வும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அடுத்தடுத்து வந்து இந்த வகையை முடித்துவைத்தன. எனவே 1970 ஓர் உச்சமாக நின்றுவிட்டது.

எல்எஸ்6 இன்ஜினுடன் வெளிவந்தவை 4,475 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அதே ஆண்டில் 396 கன அங்குல இன்ஜின் என்ற பெயரில் விற்ற எஸ்எஸ் கார்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இரண்டுக்கும் உடல் ஒன்றே, கதவுகள் ஒன்றே, பானெட்டின் மேலுள்ள பட்டைக் கோடும் ஒன்றே. இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது. சாதாரண எஸ்எஸ் ஒன்றை எல்எஸ்6 ஆக மாற்றிக் காட்டுவதற்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அக்காலத்துப் பிளிமத், டாட்ஜ் கார்களில் வாகன அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே எந்த இன்ஜின் என்பதைச் சொல்லிவிடும். 1970 ஷெவெலின் அடையாள எண்ணோ, அது எட்டு சிலிண்டர் கொண்ட மாலிபு (ஷெவெலின் ஒரு வகை) இரு கதவு கார் என்பதற்கு மேல் இன்ஜினைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எஸ்எஸ் என்பதே அந்த எண்ணில் இல்லாத ஒரு கூடுதல் தெரிவு மட்டுமே. ஷெவர்லே அடையாள எண்ணில் இன்ஜின் குறியீடு 1972 மாடலில்தான் இடம்பெற்றது. ஆகவே ஒரு 1970 ஷெவெல் உண்மையில் எதுவாகப் பிறந்தது என்பதற்குத் காரில் பொருத்த வேண்டியவற்றைப் பட்டியலிடும் தொழிற்சாலையின் தயாரிப்புத் தாள், முதல் விற்பனை ரசீது, இன்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கில் பொறித்த எண்கள் ஆகியவையே சாட்சி.

வாங்கிய சூழல், 2010

கணவருக்கு 1970இல் பத்தொன்பது வயது. அன்று இத்தகைய காரின் விலையை மாதத் தவணையாகக் கட்ட அவரால் முடிந்திருக்கும். ஆனால் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவருக்குக் கேட்ட காப்பீட்டுத் தொகையைக் கட்ட முடியவில்லை. இந்த வயதினரிடையே மிகவும் பொதுவான அனுபவம் இது. பழைய மசில் கார்களின் சந்தையை அந்தத் தலைமுறையின் நிறைவேறாத ஆசை பல ஆண்டுகள் தாங்கி நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வகைக் கார்களின் விலை 2006ஐ ஒட்டி உச்சம் தொட்டு, 2008 நிதி நெருக்கடிக்குப் பின் இறங்கியிருந்தது. 2010இல் அண்டை மாநிலம் ஒன்றிலிருந்த தனிநபர் ஒருவர், 'எண்கள் பொருந்தும் எல்எஸ்6', அதாவது பிறப்பில் வந்த இன்ஜினே இன்னும் உள்ளது, என்ற விவரத்தோடு ஒரு காரை 88,000 டாலருக்கு விற்க முன்வந்தார். தயாரிப்புத் தாள் இல்லை; முதல் விற்பனை ரசீதும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் புதுப்பித்தலின்போது எடுத்த படங்களின் தொகுப்பு, இரண்டு கார் காட்சிகளில் பெற்ற பரிசுகள், இன்ஜின் முன்பக்கத்தில் பொறித்த எண்ணின் நெருக்கமான படம் ஆகியவை இருந்தன. அந்த எண்ணின் ஒரு பகுதி காரின் அடையாள எண்ணோடு ஒத்துப்போனது. குறியீட்டெழுத்துகளும் எல்எஸ்6க்கு உரியவையாகவே இருந்தன.

நேரில் பார்த்தபோது அந்தப் பொறிப்பின் மேல் ஷெவர்லே இன்ஜினுக்குரிய ஆரஞ்சு பெயின்ட் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. எண்ணைப் படிக்க முடிந்தது. உலோகப் பரப்பைக் காண முடியவில்லை. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்பது நயமற்ற செயல் என்று கணவர் கருதியதாக மனைவியின் குறிப்பில் உள்ளது. சுயேச்சையான ஆய்வாளர் ஒருவரை அழைத்தால் ஓராயிரம் டாலருக்குள் முடிந்திருக்கும். ஆனால் வேறொருவர் காரைப் பார்க்க வருகிறார் என்று விற்பவர் சொன்னதால் அன்றே முன்பணம் கொடுக்கப்பட்டது. விற்பனைச் சீட்டில் கார் 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவதாக எழுதப்பட்டிருந்தது.

பூட்டி வைத்த ஆண்டுகள், 2010–2018

காரின் ஈர்ப்பு என்ன என்பதை விலையை மட்டும் பார்ப்பவர்கள் விளங்கிக்கொள்வது கடினம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பானெட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு மடல் திறந்து, முன்கண்ணாடியின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும்; அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். எல்எஸ்6இன் வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் எண்ணெய் அழுத்தத்தால் தாமாகச் சரிசெய்துகொள்பவை அல்ல. அதனால் கார் நிற்கும்போதும் ஒரு மெல்லிய டகடகப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒலிக்காகவே இந்தக் காரை விரும்புவோர் உண்டு. ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் வுட்வர்டு டிரீம் க்ரூஸ் நிகழ்வில், 1995 முதல் பழைய கார்கள் வுட்வர்டு அவென்யூவில் ஊர்ந்து செல்கின்றன. அங்கே பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றால் முன்பின் தெரியாதவர்கள் வந்து தங்கள் இளமைக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். கணவருக்குக் கார் தந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு அந்தப் பேச்சுகளில்தான் இருந்தது.

ஆயினும் காரை ஓட்டியது மிகக் குறைவு. காரணங்கள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. முதலாவது எரிபொருள். எல்எஸ்6இன் அழுத்த விகிதம் 11.25க்கு 1. அக்காலத்து ஈயம் கலந்த உயர்தரப் பெட்ரோலை நம்பி அமைத்தது அது. இன்றைய பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ஒலி எழும். தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளினால் நாக் குறையும், வெப்பம் கூடும். பந்தயக் கார்களுக்கான பெட்ரோலைக் கலந்தே ஓட்ட வேண்டியிருந்தது. அதன் விலை பம்ப் பெட்ரோலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. காரோ ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் கொடுத்தது. இரண்டாவது காப்பீடு. விபத்து நேர்ந்தால் தேய்மானம் கழிக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை முழுமையாகத் தரும் சேகரிப்பாளர் காப்பீட்டை அவர்கள் எடுத்திருந்தனர். அதற்குக் கட்டணம் குறைவு, நிபந்தனைகள் அதிகம். பூட்டிய கராஜில் வைக்க வேண்டும், அன்றாட வேலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. மூன்றாவதும் வலுவானதுமான காரணம் அச்சம். 'அசல்' இன்ஜினுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் பாதி மதிப்பு போய்விடும் என்ற எண்ணம் சாவியை எடுக்கும் கையைத் தடுத்தது.

இந்த எட்டு ஆண்டுகளில் வாங்கிய விலைக்கு மேல் 19,000 டாலர் செலவாயிற்று. ஈரப்பதம் உறிஞ்சும் கருவி, கராஜ் தரைக்குப் பூச்சு, காப்பீடு, காட்சிகளுக்கு மூடிய டிரெய்லரில் ஏற்றிச் சென்ற கூலி, 1970இன் தோற்றத்தில் இன்றும் வார்த்து விற்கப்படும் டயர்கள் என அது பல திசையில் போனது. இந்த டயர்கள் பார்வைக்கு மட்டுமே உரியவை. ஈரச் சாலையில் அவற்றை நம்ப முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைப் பதம்பார்த்ததால் அவற்றை மாற்றியது தனிச் செலவு. காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு 90,000இல் தொடங்கி 2017இல் 1,10,000 டாலராக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வுக்கு அடிப்படை காரின் படங்களும் உரிமையாளரின் கூற்றும் சந்தை விலைப் பட்டியலுமே. பிளாக்கை யாரும் பார்க்கவில்லை.

கண்டறிந்தது, 2018–2019

2018 கோடையில் ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தது. வால்வு ஒன்று கருகியிருக்கலாம் என்று கருதி இன்ஜின் வெளியே எடுக்கப்பட்டது. பிளாக்கைச் சுத்தம் செய்தபோது முன்பக்கப் பெயின்ட்டும் போயிற்று. அந்தப் பரப்பைக் கண்ட கணவர் தொழிலறிவால் உடனே ஐயுற்றார். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்பரப்பை பிரோச் எனும் இழுவை வெட்டுக்கருவியால் சமன் செய்வார்கள். அது ஒரே திசையில் நேரான மெல்லிய கோடுகளை விட்டுச்செல்லும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல்தான் பொறிக்கப்பட வேண்டும். இங்கே அக்கோடுகள் இல்லை. சாணைக்கல் சுழன்ற வட்டத் தடங்கள் இருந்தன. அவற்றின் மேல் எண்கள் இருந்தன.

இது மட்டுமே முடிவான சான்று ஆகாது. இன்ஜினை மறுபடி கட்டும்போது மேல்பரப்பைத் தேய்ப்பது வழக்கம். அதில் அசல் எண் அழிந்துபோக, பிற்பாடு யாரேனும் அதே எண்ணைத் திரும்பப் பொறித்திருக்கலாம். ஐயத்தைத் தீர்த்தது வார்ப்புத் தேதி. ஷெவர்லே பிளாக்குகளில் மாதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும், நாளும், ஆண்டின் கடைசி இலக்கமும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். ஏ என்றால் ஜனவரி, டி என்றால் ஏப்ரல். இந்தப் பிளாக் 1970 ஏப்ரலில் வார்க்கப்பட்டது. இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டின்படி உடல் கட்டப்பட்டதோ பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். தன் இன்ஜின் பிளாக் வார்க்கப்படும் முன்பே கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருக்கிறது. எண்ணைப் பொறித்தவர் எழுத்து வடிவத்தையும் குறியீட்டையும் கவனித்தவர். இயந்திரங்களின் இடுக்கில் மறைந்திருக்கும் தேதியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அடுத்த சான்று இன்ஜின் அறையின் பின்சுவரில் கிடைத்தது. ஹீட்டர் பெட்டியைக் கழற்றியபோது, பழைய துளை ஒன்றைத் தகடு வைத்து அடைத்துப் பற்றவைத்த தடம் தெரிந்தது. ஏர்கண்டிஷனர் பொருத்திய ஷெவெல்களுக்கு உரிய துளை அது. எல்எஸ்6 இன்ஜினோடு ஏர்கண்டிஷனரைத் தொழிற்சாலை கொடுக்கவே இல்லை.

2019 தொடக்கத்தில் எரிபொருள் தொட்டியைக் கீழே இறக்கியபோது, தொட்டிக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே மக்கிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தயாரிப்புத் தாள்கள் தொட்டியின் மேலும் இருக்கையின் ஸ்பிரிங்குகளிலும் கிடைப்பது ஷெவெல் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. புதுப்பித்தவர் தொட்டியை இறக்காமல் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறார் என்பதும் அதனால் தெரிந்தது. சில சமயம் வேறொரு காரின் தாளும் கிடைப்பதுண்டு. ஆதலால் முதலில் அதிலிருந்த வரிசை எண் சரிபார்க்கப்பட்டது. அது இந்தக் காருக்கே உரியது. எஸ்எஸ் 454, எல்எஸ்5 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏர்கண்டிஷனர் என்பவை அதில் படிக்கும் நிலையில் இருந்தன. காரில் அப்போது இருந்ததோ நான்கு வேகக் கைக் கியர்.

சுருங்கச் சொன்னால், கார் முழுப் போலி அல்ல. உண்மையான எஸ்எஸ் 454 ஒன்று, தனக்குச் சற்று மேலான உடன்பிறப்பாக வேடமிட்டிருந்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் விசித்திரம் இதுவே: வேடம் போடாமல் விட்டிருந்தால் அது அரிதான காராகவே இருந்திருக்கும். எல்எஸ்5 ஷெவெல்களும் எண்ணிக்கையில் எல்எஸ்6ஐவிட அதிகமில்லை. மாற்றியவர் அந்தக் காரின் அசல் இன்ஜினை எங்கோ கொடுத்துவிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தார்கள். பொருள் விற்பனைக்கான அமெரிக்கப் பொது வணிகச் சட்டத்தில், ஒப்பந்த மீறலுக்கான வழக்கைப் பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், அது கடந்துவிட்டது. மோசடி என்று தனியே வழக்காட வேண்டுமானால், விற்றவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்று நிறுவ வேண்டும். அவரும் காரை வேறொருவரிடமிருந்து சில ஆண்டுகளுக்கு முன்புதான் வாங்கியவர். வழக்குச் செலவு கிடைக்கக்கூடிய தொகையைத் தின்றுவிடும் என்ற கருத்தை ஏற்று அதை விட்டார்கள்.

இரண்டாவதாக, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புக்கொண்ட மதிப்பை 60,000 டாலராகக் குறைக்கச் செய்தார்கள். இதைச் செய்யாமல் இருப்பவர்களே மிகுதி என்று நினைக்கிறேன். ஆனால் தவறான அடிப்படை என்று தெரிந்த பின்னும் பழைய மதிப்பிலேயே தொடர்ந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அது உரிமையாளருக்கே எதிராகத் திரும்பக்கூடும் என்பதை மனைவி வலியுறுத்தினார்.

காரை என்ன செய்வது என்பதில் இருவரும் வேறுபட்டனர். அப்படியே கட்டி, உண்மையைச் சொல்லி, உடனே விற்றுவிடலாம் என்றார் மனைவி. 1970 பிப்ரவரிக்குப் பொருந்தும் தேதியுள்ள எல்எஸ்5 பிளாக் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஏர்கண்டிஷனரையும் மீட்டு, தாளில் உள்ளபடி காரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று கணவர் முதலில் விரும்பினார். மதிப்பீடு 30,000 டாலரைத் தாண்டியது. அத்தனையும் செய்தாலும் அது 'காலத்துக்குப் பொருந்தும்' இன்ஜின் என்றே கருதப்படும், பிறப்பில் வந்த இன்ஜின் ஆகாது. விலையில் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி செலவை ஈடுசெய்யாது என்று தெரிந்தபின் மூன்றாவது வழிக்கு வந்தார்கள். காப்பாற்ற வேண்டிய அசல் இன்ஜின் இனி இல்லை. ஆகவே ஓட்டுவதற்கேற்பக் கட்டுவது.

அதன்படி அழுத்த விகிதம் ஏறத்தாழ 9.5 ஆகும்படி வேறு பிஸ்டன்கள் போடப்பட்டன. ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தப்பட்டன. டகடகக்கும் லிஃப்டர்களை மட்டும் கணவர் மாற்ற ஒப்பவில்லை; அவற்றுக்காகத் துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெயைப் பயன்படுத்தினார். ரேடியல் டயர்கள் வந்தன. இவையெல்லாம் சேர்த்து 17,000 டாலர்.

பின்விளைவு, 2019–2023

2020இல் கொரோனாவால் வுட்வர்டு நிகழ்வு ரத்தானது. ஆனாலும் அந்த ஆண்டு கார் ஓடிய தூரம், முந்தைய எட்டு ஆண்டுகளில் ஓடிய மொத்தத் தூரத்தைவிட அதிகம். மிச்சிகனின் மேற்குக் கரை வரை போய்வந்தார்கள், பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சென்றார்கள், மழையிலும் ஓட்டினார்கள். சாதாரணப் பம்ப் பெட்ரோலே போதுமாயிற்று. இந்த நான்காண்டுச் செலவு 7,000 டாலர்.

2023இல் கணவரின் முழங்கால் கனமான கிளட்சை மிதிக்க இடம்கொடுக்கவில்லை. பிள்ளைகளில் எவரும் காரை ஏற்க விரும்பவில்லை. ஏல நிறுவனங்கள் வழியே விற்றால் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியே கழிவு போகும். அதோடு மேடையில் சில நிமிடங்களில் இவ்வளவு நீண்ட கதையைச் சொல்லவும் முடியாது. எனவே வார்ப்புத் தேதியின் படம், பின்சுவர்த் தடத்தின் படம், தயாரிப்புத் தாள், பழுதுபார்த்த ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி, தனிநபர் விற்பனையாக 61,000 டாலருக்குக் கொடுத்தார்கள். கோப்பைப் படித்த முதல் இருவர் விலகினர். மூன்றாமவர் பேரமின்றி வாங்கினார். ஓட்டுவதற்குக் கார் தேடிய அவருக்கு அழுத்த விகிதம் குறைத்தது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மொத்தக் கணக்கு இப்படி நின்றது: வாங்கிய விலை 88,000, பராமரிப்பும் மாற்றமும் 43,000, விற்ற தொகை 61,000. பதின்மூன்று ஆண்டுகளில் கைவிட்டுப் போனது 70,000 டாலர். ஆண்டுக்கு ஐயாயிரத்துக்குச் சற்று மேல். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த பொருளில் வந்த நட்டத்தை வருமான வரியில் கழிக்க இயலாது. லாபம் வந்திருந்தால், இத்தகைய கார்களைச் சேகரிப்புப் பொருளாகக் கருதி 28 விழுக்காடு வரை வரி கேட்டிருப்பார்கள். பழைய காரை முதலீடு என்று சொல்வோர் இந்த ஒருபக்கச் சாய்வைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வாங்கும் முன் பெயின்ட்டை நீக்கிப் பொறிப்பின் பரப்பைப் பார்க்கவும், வார்ப்புத் தேதியைச் சிறு கேமராவால் படிக்கவும் விற்பவர் ஒப்பவில்லையென்றால், அந்தக் காருக்கு எல்எஸ்6 விலை கொடுக்க வேண்டியதில்லை. மறைவிடத்தில் உள்ள சான்றுகளுக்கே அதிக எடை தர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எண்ணைப் போலி செய்பவர் கவனமாகச் செய்வார். காட்சிப் பரிசுகள் பெயின்ட்டின் தரத்துக்குச் சாட்சியாகலாம், காரின் பிறப்புக்கு ஆகா.

எந்தத் தயாரிப்பைத் தேர்வது என்பதிலும் ஆவணங்களின் நிலையை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கலாம். பான்டியாக் கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவுகளின் நகலைப் பெற வழி உண்டு. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, அந்நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு எழுதிய மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற அக்கால ஷெவர்லேவுக்கு அப்படி ஒன்று இல்லை. கனடாவில் விற்றவற்றுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் பதிவுகள் உள்ளன. 450 குதிரைத்திறன் என்ற எண்ணின் மீது மோகம் இல்லாதவருக்கு, ஆவணமுள்ள ஒரு ஜிடிஓ குறைந்த விலையில் கூடுதல் நிம்மதி தந்திருக்கும்.

ஓட்டுவதற்கா, பாதுகாப்பதற்கா என்பதையும் வாங்கும் நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இந்தத் தம்பதியர் பாதுகாப்பதற்கான விலையைக் கொடுத்துவிட்டு, ஓட்டும் ஆசையோடு எட்டு ஆண்டுகள் காத்திருந்தனர்.

ஒரு விஷயம் தீர்வின்றியே இருக்கிறது. போலியாகப் பொறித்த எண்ணை இன்ஜின் கட்டியபோதே சாணை பிடித்து அழித்திருக்கலாம். அழித்தால் காரின் வரலாற்றில் ஒரு பகுதி மறையும் என்று சொல்லி, அதை விட்டுவைத்து விற்பனைச் சீட்டில் மட்டும் குறிப்பிட்டார் கணவர். கோப்பும் காரும் பிரியாதவரை இது போதும். கார் இன்னும் இரண்டு கை மாறிய பின்னும் கோப்பு உடனிருக்குமா என்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்பதால், எண்ணை அழித்துவிட்டு வெறும் பரப்பாக விட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மனைவியும் அவ்வாறே கருதினார். புதிய உரிமையாளர் இதுவரை அதைத் தொடவில்லை.